நான் எழுதிய நூற்றிருபது கேள்விகள்

உங்கள் பணிப்பாளர் என்னிடம் கேட்டது இரண்டு பக்கம். "சேர், புதுசா ஆறு பேர் பயிற்சி ஆசிரியரா வந்திருக்கினம். உங்கட அனுபவத்தில இருந்து அவையளுக்கு உற்சாகமா ஏதாவது எழுதித் தாங்கோ" என்றார். உற்சாகம் என்னிடம் கையிருப்பில் இல்லை. இருப்பதைத்தான் தர முடியும். இரண்டு பக்கத்துக்கு மேலே போனால் அவர் வெட்டட்டும். எதை வெட்டினார் என்று நீங்கள் அவரிடமே கேளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் மன்னார்த் தீவில், தோட்டவெளியில் பிறந்தவன். இருபத்தாறு வருடம் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தேன். கடைசி ஒன்பது வருடம், இப்போது நீங்கள் நிற்கும் இந்தக் கடற்பயிற்சிப் பள்ளியில் தலைமைப் பயிற்சி ஆசிரியராக இருந்தேன். முடிச்சுப் போடுவது, திசைகாட்டி பார்ப்பது, உயிர்காப்பு அங்கி கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் புத்தகத்தில் இருக்கிறது. வந்த முதல் நாளே உங்கள் ஒவ்வொருவர் கையிலும் சிவப்பு மட்டை போட்ட ஒரு கொப்பியைத் தந்திருப்பார்கள். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதை எழுதியவன் நான்.

நூற்றிருபது கேள்வி, நூற்றிருபது பதில். புதிதாகச் சேரும் பயிற்சியாளன் முதல் மூன்று மாதத்துக்குள் எழுத்துப் பிசகாமல் பாடமாக்க வேண்டும். பள்ளிக் கொடியின் நிறங்கள் எவை, எந்த நிறம் எதைக் குறிக்கிறது? சாப்பாட்டு மண்டபத்தில் எத்தனை யன்னல்? முதல் பயிற்சிப் படகு எந்தத் திசையைப் பார்த்துக் கடலில் இறக்கப்பட்டது? மூத்த அணி பள்ளியை விட்டுப் போக இன்னும் எத்தனை நாள்? மத்தியானத்தில் தட்டை ஏந்திக்கொண்டு கதிரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். மூத்தவன் ஒருவன் மூன்று கேள்வி கேட்பான். மூன்றுக்கும் பதில் சரியாக வந்தால் உட்காரலாம். பிசகினால் நின்றபடி சாப்பிட வேண்டியதுதான்.

இதற்கு மரபு என்று பெயர் வைத்தோம். நான் கொப்பியை எழுதியபோது பள்ளிக்கு வயது ஒன்று. ஒரு வயதுப் பிள்ளைக்கு என்ன மரபு இருக்கும்? பல்லே ஒழுங்காக முளைத்திருக்காது. பாதியை நானே மேசையில் இருந்து கற்பனை செய்தேன். கொடியின் நீலம் தியாகத்தைக் குறிக்கிறது என்று எழுதினேன். உண்மையில் அன்றைக்கு மன்னார்க் கடையில் நீலத் துணிதான் மிச்சமாக இருந்தது.

ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். பத்தொன்பது வயதில் நான் படித்த வெளிநாட்டுக் கடற்கல்லூரியில் எனக்கு இதைத்தான் செய்தார்கள். விளங்காத பாஷையில், செத்துப்போன கப்பல் தலைவர்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவித்துவிட்டுத்தான் ஒரு வாய் சோறு தின்றேன். அழுதிருக்கிறேன். ஆனால் முடித்து வெளியே வந்தபோது, அதனால்தான் நான் மனிதனானேன் என்று நம்பத் தொடங்கியிருந்தேன். மாமியாரிடம் இடி வாங்கிய மருமகள் மாமியாரானதும் எப்படி நடப்பாளோ, அப்படியே நானும் நடந்தேன்.

பாடமாக்குவது கெட்டது என்று நான் சொல்லவில்லை. இயந்திர அறையில் தீ பிடித்தால் எந்தக் கதவால் ஓடுவது என்பது நித்திரையிலும் வாயில் வர வேண்டும். அதற்குப் பத்துக் கேள்வி போதும். மற்ற நூற்றுப்பத்தும் அவர்களைப் பணிய வைக்க நான் எழுதியவை. அப்போது இதை யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அடித்தே இருப்பேன்.

என்னுடைய கடைசி அணியில் நிரோஷன் என்று ஒருவன் வந்தான். விடத்தல்தீவில் நண்டு வலை போடும் குடும்பம். சாதாரண தரப் பரீட்சையை இரண்டாவது தடவையில் தேறியவன். அந்த வீட்டில் கடவுச்சீட்டு எடுத்த முதல் ஆள். பள்ளியில் சேர்க்க அவனோடு ஒரு வான் நிறையச் சொந்தக்காரர் வந்து இறங்கினார்கள். சித்தி ஒருத்தி, படித்து முடிய எந்த நாட்டுக் கப்பலில் போடுவீர்கள் என்று அன்றைக்கே என்னிடம் கேட்டாள். அவனுக்குக் கடல் தெரியும், பாடமாக்கத் தெரியாது. பள்ளி விதி இதுதான்: நாலு சிவப்புக் குறி விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். கப்பல் கனவும் அதோடு சரி.

அவனுக்கு முதற்குறி விழுந்தது படகில். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், காவல் நிற்பவன் எப்படி அறிவிக்க வேண்டும் என்பது கொப்பியின் தொண்ணூற்றேழாவது கேள்வி. பதில்: பொருள், திசை, தூரம், வேறு சொல் கூடாது. நிரோஷன் திரும்பி நின்று, "சேர், அங்கால தண்ணி வெளிறுது" என்றான்.

"என்ன பொருள்?" என்று கேட்டேன்.

"பொருள் இல்லை சேர். தண்ணி."

"எத்தனை பாகை? எவ்வளவு தூரம்?"

கையை நீட்டிக் காட்டினான். "உந்தா, உதில சேர்."

"தண்ணி வெளிறினால் ஆரும் சலவைக்குப் போட்டிருப்பாங்கள்" என்றேன். படகில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இப்போது கவனியுங்கள். அவன் காட்டிய இடத்தில் ஆழம் இல்லை, மணல் மேலே வந்திருந்தது. அதை என் கண்ணால் கண்டேன். ஒன்றும் சொல்லாமல் படகைத் திருப்பினேன். திருப்பிவிட்டு, அறிவித்த முறை பிழை என்று அவனுக்குச் சிவப்புக் குறியும் போட்டேன்.

இரண்டாவது குறி, காற்று மாறப்போகிறது என்று கேட்காமலே சொன்னதற்கு. அன்று பின்னேரம் காற்று மாறியது. மூன்றாவது சாப்பாட்டு மண்டபத்தில் விழுந்தது. எத்தனை யன்னல் என்று மூத்தவன் கேட்டான். நிரோஷன் மண்டபத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டுப் பதின்மூன்று என்றான். கொப்பியில் இருப்பது பதினாலு. ஒன்றை அடைத்து அதன் முன்னால் அலுமாரி வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாற்பது பேரில் கண்ணால் எண்ணியவன் அவன் ஒருவன்தான். குறியைப் பதிந்து கையெழுத்து வைத்தவன் நான்.

அன்றைக்கு அவனைக் கந்தோருக்குக் கூப்பிட்டேன். "இன்னும் ஒண்டு விழுந்தால் விடத்தல்தீவு பஸ்தான். விளங்குதா?"

"விளங்குது சேர். இனிப் பிழை விடமாட்டன்" என்றான். ஆள் வழிக்கு வருகிறான் என்று சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு அவன் கொப்பியும் கையுமாகத் திரிந்தான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் கஜன். பெருநிலத்தில் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கு வரும்வரை கடலில் கால் நனைக்காதவன். ஆனால் நூற்றிருபதையும் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் சொல்லுவான். குளிக்கும் இடத்தில் நிரோஷன் அவனுக்கு நீச்சல் பழக்குவான், பதிலுக்குக் கஜன் கரையில் நின்று கேள்வி கேட்பான். இரண்டு பேரும் நல்ல கூட்டாளிகள். மூன்றாவது மாத முடிவில் நிரோஷன் முழுக் கொப்பியையும் என் முன்னால் ஒரு பிழை இல்லாமல் ஒப்புவித்தான். முதுகில் தட்டினேன்.

விபத்து நடந்தது அதற்கு அடுத்த வாரம்.

காலையில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கொண்டச்சிப் பக்கம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். சுக்கான் என் கையில். அணியத்தில் காவல் நிரோஷன். கஜன் இயந்திரப் பெட்டிக்குப் பக்கத்தில், என்னைப் பார்த்தபடி இருந்தான். நூற்றிருபதையும் ஒரே மூச்சில் சொல்பவனுக்குத் தோளில் குத்த ஒரு பித்தளைச் சின்னம் கொடுப்போம். அன்றைக்கு அது அவனுடைய முறை. எனக்கு வலது கையில் சுக்கான், இடது கையில் கொப்பி. ஒரு சொல்லாவது பிசகுகிறதா என்று விரல் வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நல்ல வெயில், அமைதியான கடல். தென்மேற்கில் இருந்து அடிக்கும் கச்சான் காற்று ஓய்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் காற்று அடித்து முடிந்தால் தீடைகள், அதாவது தண்ணீருக்குள் கிடக்கும் மணல் திட்டுகள், போன வருடம் கிடந்த இடத்தில் கிடக்காது. தோட்டவெளியில் பிறந்தவனுக்கு இதை ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கடலைப் பார்க்கவில்லை. கொப்பியைப் பார்த்தேன்.

கஜன் நூற்றுப் பன்னிரண்டாவது பதிலில் இருந்தான். படகு தீடையில் ஏறிச் சரிந்தது. இயந்திரப் பெட்டியின் மூடி பெயர்ந்து அவன் கால்மேல் விழுந்தது. அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். இருபத்தாறு வருடம் கடலில் கிடந்தவன், கொப்பி தண்ணீரில் விழுந்துவிட்டதே என்று முதலில் அதை எட்டி எடுத்தேன். சத்தியமாக. நான் எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் நிரோஷன் இடுப்பளவு தண்ணீரில் குதித்து, சுற்றிவந்து ஏறி, மூடியைத் தூக்கிவிட்டான். தன் சட்டையைக் கிழித்துக் கஜனின் காலைக் கட்டினான். பிறகு உயிர்காப்பு அங்கியைக் கழற்றி உயர்த்தி வீசி, தூரத்தில் போன மீன்பிடிப் படகைக் கூப்பிட்டான். ஒன்றையும் என்னிடம் கேட்டுச் செய்யவில்லை. அவன் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் கஜனின் இரத்தம் அந்தப் படகிலேயே முடிந்திருக்கும்.

கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆள் நடக்கலாம், ஆனால் கப்பலுக்கு எடுக்க மாட்டார்கள் என்று வைத்தியர் சொன்னார்.

இரண்டு கிழமையில் விசாரணை வைத்தார்கள். பணிப்பாளரின் கந்தோரில் மூன்று பேர் இருந்து கேட்டார்கள். பயிற்சியாளர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நான் சுவர் ஓரம் ஒரு கதிரையில் இருந்தேன். படகோட்டி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று எல்லோரிடமும் கேட்டார்கள். பார்த்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து கஜன் எழுதிக்கொடுத்த கடிதத்திலும் அதுவே இருந்தது. பள்ளியின் விஷயம் பள்ளியின் வாசலைத் தாண்டாது என்பது கொப்பியில் நூற்றுப் பதினெட்டாவது. நன்றாகத்தான் பாடமாக்கியிருந்தார்கள்.

நிரோஷனிடம், "முன்னுக்கு நிண்டது நீர்தானே? தீடையை அறிவிச்சீரா?" என்று கேட்டார்கள்.

"அறிவிக்கேல்லை சேர்."

"ஏன்?"

அவன் என்னைப் பார்த்தான். ஒரே ஒருமுறைதான். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

என் முறை வந்தது. "காவல் நிண்டவர் உங்களுக்கு ஏதாவது சொன்னவரா?" என்றார்கள். இல்லை என்றேன். அந்தச் சொல் உண்மை. அதற்குப் பின்னால் நான் சொல்லாமல் விழுங்கியவை நிறைய. இதே கடலில் இதே விஷயத்தை ஒருமுறை அவன் சொன்னான், அதற்கு நான் தண்டனை கொடுத்தேன் என்று சொல்லவில்லை. என் கையில் கொப்பி இருந்தது என்றும் சொல்லவில்லை. நான் ஓய்வுபெற அப்போது நாலு மாதம்தான் இருந்தது. ஒன்பது வருடத்தில் என் பெயரில் ஒரு கறையும் இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நாலாவது குறி நிரோஷனுக்கு விழுந்தது. அடுத்த நாள் காலை அவன் தன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படலையால் வெளியே போனதை யன்னலால் பார்த்தேன். கூட்டிப்போக ஒருவரும் வந்திருக்கவில்லை.

நாலு மாதம் கழித்து எனக்குப் பெரிய பிரியாவிடை நடந்தது. மாலை போட்டார்கள். இவர் கட்டியெழுப்பிய மரபு என்று ஒருவர் பேசினார். நான் கைகூப்பிக்கொண்டு இருந்தேன். பேச எனக்குப் பத்து நிமிடம் தந்தார்கள்; அந்த மாலையைக் கழற்றி வீசிவிட்டு உண்மையைச் சொல்ல அது போதும். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

நீங்கள் படகில் இருக்கும்போது ஒரு பயிற்சியாளன் ஏதாவது சொன்னால், சொன்ன முறையை அவனுக்குப் பிறகு திருத்தலாம். முதலில் அவன் காட்டிய பக்கம் பாருங்கள். அவன் சொன்னது சரியென்றால், சரி என்று எல்லோருக்கும் கேட்க அவனிடம் சொல்லுங்கள். இது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அது வாயில் வரவில்லை. வெட்கம். அவன் சொல்லி நான் திருந்துவதா என்ற வெட்கம். ஒரு பெடியனின் காலையும் இன்னொருவனின் எதிர்காலத்தையும் அந்த வெட்கத்துக்குக் கொடுத்தேன்.

ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டை ஏந்திக்கொண்டு நின்ற பிள்ளைகள்தான் கண்ணுக்குள் வந்தார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிப் பணிப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசித்தார். மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். "சேர், இது முடிஞ்ச விசயம். கிளறினால் பள்ளிக்குத்தான் கெட்ட பேர். பெடியன் வாறதெண்டால் அடுத்த அணியில சத்தமில்லாமச் சேர்ப்பம். நீங்களே போய்க் கேளுங்கோ" என்றார். கொப்பியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். அது நல்ல கொப்பிதானே என்றார். இப்போது அது உங்கள் கையில் இருக்கிறது.

போன மாதம் விடத்தல்தீவுக்குப் போனேன். போகும்போது பஸ்ஸில் என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. அவன் பயத்தில் வாய் மூடியிருந்தான், நாலாவது குறிக்குப் பயந்தான். அந்தப் பயத்தைத் தந்ததற்கு மன்னிப்புக் கேட்பேன், இடத்தைத் திருப்பிக் கொடுப்பேன், ஓரளவு தீரும். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வீட்டு முற்றத்தில் நிரோஷனும் தகப்பனும் வலையில் இருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவன் எழும்பி நேராக நின்றான். தகப்பன், "வாங்கோ சேர், இருங்கோ" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். தாய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது, அவனுக்கு இடம் இருக்கிறது, வா என்றேன்.

"நான் வரேல்லை சேர்" என்றான். கோபம் இல்லாமல்தான் சொன்னான்.

"ஏன்டா? இனி அந்தக் குறியெல்லாம் இல்லை. நீ பயந்துதானே அண்டைக்குச் சொல்லாமல் விட்டனி?"

"பயந்து இல்லை சேர்."

"அப்ப தீடையைக் காணேல்லையா?"

"கண்டனான். நல்ல தூரத்திலயே கண்டனான். தண்ணி வெளிறிக் கிடந்தது." கையில் இருந்த நண்டைக் கூடைக்குள் போட்டுவிட்டுச் சொன்னான். "அந்த நேரம் நான் கொப்பி முழுக்கப் பாடமாக்கி முடிச்சிட்டன்தானே சேர். அதில தண்ணியின்ர நிறத்தைப் பற்றி ஒரு இடத்திலயும் இல்லை. இவ்வளவு கப்பல் ஓடின ஆள் எழுதின கொப்பியில இல்லையெண்டால் அது ஒரு விசயமா இருக்காது எண்டு நினைச்சன். அப்பா ஆக்கள் படிக்காத ஆக்கள், சும்மா சொல்லுறவை எண்டு நினைச்சிட்டன்."

தகப்பன் எங்கள் பக்கத்தில்தான் இருந்தார். வலையை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. கையில் இருந்த நண்டைக் கழற்றி முடித்தார். அடுத்ததை எடுத்தார். பிறகு அதை அப்படியே வலையோடு வைத்துவிட்டு எழும்பிக் கரைப்பக்கம் நடந்து போனார்.